அலைக்கு மூன்றாண்டு, படிப்புக்கு நான்காண்டு

பொறியியல் கலந்தாய்வுக் காலம் வந்தால் தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுகின்றன. ‘பிள்ளைக்கு ஏஐ பிரிவில் இடம் கிடைக்குமா?’ என்பது ஒன்று. ‘ஏஐ வந்துவிட்டால் சாப்ட்வேர் வேலையே இருக்காது என்கிறார்களே, நிஜமா?’ என்பது இன்னொன்று. ஒரே தொழில்நுட்பத்தின் மீது இவ்வளவு ஆசையையும் இவ்வளவு அச்சத்தையும் ஊட்டுவது ஒரே பேச்சுதான். கணினித் துறையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்கும் மோக அலை அது. அந்த அலையில் லாபம் பார்ப்பவர்கள் வேறு, விலை கொடுப்பவர்கள் வேறு. விலை கொடுப்பவர்களின் பக்கம் நின்று இதைப் பேச வேண்டியிருக்கிறது.

2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, பணியிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. ஏஐ இதற்குக் காரணமல்ல, புதிய பணிகளுக்குத் திறன் பொருந்தாததே காரணம் என்று நிறுவனத் தலைமை சொன்னது. அந்த விளக்கத்தைவிட, ஏஐ வேலையைப் பறிக்கத் தொடங்கிவிட்டது என்ற பேச்சே வேகமாகப் பரவியது.

ஒரு தொழில்நுட்ப மோகம் உச்சிக்குப் போய் இறங்கப் பல சமயம் மூன்று ஆண்டுகள் போதும். பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் வேண்டும். அதற்காக வாங்கிய கல்விக் கடனை அடைக்க வங்கிகள் தரும் அவகாசம் பதினைந்து ஆண்டுகள் வரை நீள்கிறது. உச்சியில் நிற்கும் அலையைப் பார்த்துப் பதினேழு வயதில் எடுத்த முடிவோடு, அந்த அலை வடிந்த பிறகுதான் ஒரு மாணவர் வேலை தேட வருகிறார்.

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஒரு டிஜிட்டல் படம் 6.93 கோடி டாலருக்கு விலைபோனது. அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே ‘மெட்டா’ என்று மாற்றிக்கொண்டது. இனி நம் அலுவலகமும் கடைத்தெருவும் மெட்டாவெர்ஸ் என்னும் மாய உலகத்துக்குள்தான் என்றார்கள். அடுத்த சில மாதங்களில் தமிழ்நாட்டிலேயே ஒரு திருமண வரவேற்பு அந்த மாய உலகத்தில் நடந்தது. மெட்டாவெர்ஸ் பிரிவை நடத்தியதில் மெட்டா நிறுவனத்துக்கு 2022இல் மட்டும் 1,370 கோடி டாலர் இழப்பு. 2021இல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 2025இல் பட்டத்தோடு வெளியே வந்தபோது, நேர்முகத் தேர்வுகளில் மெட்டாவெர்ஸ் பற்றிக் கேட்பாரில்லை.

எழுபது ஆண்டுக் கதை

இன்றைய ஏஐ பேச்சு புதிது என்று நினைக்கிறோம். 1958இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட், ‘பெர்செப்ட்ரான்’ என்ற அமைப்பை அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியோடு செய்தியாளர்களுக்குக் காட்டினார். மூளை நரம்புகள் இயங்கும் முறையை ஒட்டி வடிவமைக்கப்பட்டது அது. இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்று பிரித்தறிய அது தானாகக் கற்றுக்கொண்டது. அவ்வளவுதான் அன்று காட்டப்பட்டது. ஆனால் நாளிதழில் வந்த செய்தி, இது நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும், தன்னைப் போல் இன்னொன்றை உருவாக்கும், தான் இருப்பதைத் தானே உணரும் என்று கடற்படை எதிர்பார்ப்பதாகச் சொன்னது.

எதிர்பார்ப்பு அந்த உயரத்துக்குப் போனதால் வீழ்ச்சியும் அதே அளவுக்கு இருந்தது. 1969இல் மார்வின் மின்ஸ்கி, சீமோர் பேப்பர்ட் இருவரும் பெர்செப்ட்ரானால் எவையெல்லாம் முடியாது என்று கணித அடிப்படையில் ஒரு நூலே எழுதினார்கள். 1973இல் பிரிட்டனில் சர் ஜேம்ஸ் லைட்ஹில் அளித்த அறிக்கை, இந்தத் துறை கொடுத்த வாக்குகளைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல, அங்கே ஆராய்ச்சி நிதி சுருங்கியது. 1982இல் ஜப்பான் ‘ஐந்தாம் தலைமுறைக் கணினி’ என்ற பெரும் அரசுத் திட்டத்தைத் தொடங்கியது. மனிதரைப் போல் தர்க்கம் செய்யும் இயந்திரம் வரப்போகிறது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் பதறி, போட்டித் திட்டங்களை அறிவித்தன. பத்தாண்டுகளில் ஜப்பான் திட்டம் முடிவுக்கு வந்தது. சொன்ன இயந்திரம் வரவில்லை. நிதி வற்றிய அந்த ஆண்டுகளை ஆராய்ச்சியாளர்கள் ‘ஏஐ குளிர்காலம்’ என்கிறார்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது ரோசன்பிளாட்டின் முடிவு. 1971இல், தன் 43ஆவது பிறந்தநாளில், படகு விபத்தில் அவர் இறந்தார். அவருடைய அடிப்படை யோசனை தவறானதல்ல. அடுக்கடுக்காக அமைத்து, போதிய தரவும் கணினி வேகமும் கொடுத்தால் அது வேலை செய்யும் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின் தெளிவானது. இன்று நம் கைபேசியில் தமிழைக் கேட்டு எழுத்தாக்கும் செயலியும், கேள்விக்குப் பதில் எழுதும் சாட்ஜிபிடியும் அந்த யோசனையின் வழிவந்தவை. அதே வழியில் உழைத்த ஜான் ஹாப்ஃபீல்டும் ஜெஃப்ரி ஹின்டனும் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆக, மோகம் பொய்யான யோசனைகளை மட்டும் தூக்கிப் பிடிப்பதில்லை. நல்ல யோசனையையும் அது கெடுக்கிறது. அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்க வைக்கிறது, வாக்குப் பொய்த்ததும் பட்டினி போடுகிறது. நிதானமான ஆதரவோடு நடந்திருந்தால் அந்த ஆராய்ச்சி இவ்வளவு காலம் பின்தங்கியிருக்குமா என்ற கேள்வி எனக்கு உண்டு.

கார்ட்னர் என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக்கி ஃபென் 1995இல் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வளைகோடாகவே வரைந்தார். திடீர் ஏற்றம், மிகை எதிர்பார்ப்பின் உச்சி, ஏமாற்றப் பள்ளம், பிறகு மெதுவான ஏற்றம், கடைசியில் சமதளம். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். பள்ளத்தில் விழுந்த எல்லாமே எழுந்து சமதளத்துக்கு வந்துவிடும் என்பதுபோல் அந்தக் கோடு தோன்றுகிறது. பல தொழில்நுட்பங்கள் பள்ளத்திலேயே நின்றுவிட்டன.

யாருக்கு லாபம்?

இந்த அலைகளை யாரும் அறைக்குள் கூடிச் சதிசெய்து உருவாக்குவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் சரியென்று படுவதைச் செய்கிறார்கள். முதலீட்டாளர் பத்து நிறுவனங்களில் பணம் போடுகிறார். ஒன்பது தோற்று ஒன்று பெரிதாக வென்றாலும் அவருக்கு லாபம்தான். எனவே எந்த அலையையும் அவர் தவறவிடக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு அப்படிப் பத்துப் பட்டங்கள் கிடையாது. முதலீட்டாளரின் துணிச்சலை ஒரே பிள்ளையின் ஒரே படிப்பை வைத்து நாம் பின்பற்ற முடியாது. தொழில்நுட்பச் செய்திகளைப் படிக்கும்போது, அது யாருடைய கணக்கிலிருந்து பேசப்படுகிறது என்று பார்ப்பது அவசியம்.

நிறுவன மேலாளரின் கணக்கு வேறு. எல்லோரும் வாங்கும் தொழில்நுட்பத்தை வாங்கித் தோற்றால் அவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தனித்து நின்று ஒரு முடிவெடுத்துத் தோற்றால் பழி அவர் தலையில். பொறியாளருக்கோ அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயில் புதிய பெயர்கள் வேண்டும். அதற்காகவே, தேவையில்லாத இடத்திலும் புதிய கருவியைப் புகுத்துவது நடக்கிறது.

வேலை விளம்பரங்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. ‘ஃபாஸ்ட்ஏபிஐ’ என்ற மென்பொருள் கட்டமைப்பை உருவாக்கியவர் செபாஸ்டியன் ராமிரெஸ். 2020இல் அவர் கண்ணில் ஒரு வேலை விளம்பரம் பட்டது. ஃபாஸ்ட்ஏபிஐயில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்கள். அவர் அதை உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வேலைக்கு அவராலேயே விண்ணப்பிக்க முடியாது. இப்படியான விளம்பரங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர் இறுதியாண்டு மாணவர், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கம் கெட்டு, இன்னொரு சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்.

பெயருக்கு மட்டுமே எவ்வளவு மதிப்பு என்பதற்கு 2017 டிசம்பரில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. அமெரிக்காவில் குளிர்ந்த தேநீர் விற்ற ‘லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ’ நிறுவனம், தன் பெயரை ‘லாங் பிளாக்செயின்’ என்று மாற்றப்போவதாக அறிவித்தது. பதிவேட்டைப் பல கணினிகளில் பகிர்ந்துவைக்கும் பிளாக்செயின் நுட்பம்தான் அப்போதைய மோகம். அன்றே அதன் பங்கு விலை ஒரு கட்டத்தில் மூன்று மடங்குக்கும் மேல் போனது. அடுத்த ஆண்டே நாஸ்டாக் சந்தை அந்தப் பங்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

நம் நாட்டில் இதே வியாபாரம் குழந்தைகளிடமும் வந்தது. 2020இல், ஊரடங்கு நாள்களில், சிறுவர்களுக்குக் கோடிங் கற்பிக்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில், கோடிங் கற்ற ஒரு சிறுவனுக்கு கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் என்று காட்டினார்கள். அப்படி ஒரு சிறுவன் இல்லை, அது கற்பனைப் பாத்திரம். விளம்பரத் தர மன்றம் தலையிட்ட பிறகு அந்நிறுவனத்தின் ஐந்து விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் எத்தனை பெற்றோர் பயந்து பணம் கட்டியிருப்பார்கள்!

2012இல் பெருந்துறையில் சரிந்த ஈமு கோழித் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். அது மோசடி என்று நீதிமன்றம் வரை நிரூபணமானது. கணினித் துறையின் அலைகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே உண்மையான சரக்கு இருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கையாக இருப்பது கடினமாகிறது. எதை நம்புவது, எவ்வளவு நம்புவது, எப்போது நம்புவது என்று மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டியிருக்கிறது.

பணம் போன இடங்கள்

ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பங்குகளை வாங்கி விற்கும்போது யாருக்கு எது சொந்தம் என்று பதிவு செய்யும் கணினி அமைப்பு 1994 முதல் ஓடுகிறது. அதை மாற்றி, பிளாக்செயின் அடிப்படையில் புதிதாகக் கட்டப்போவதாக 2017 டிசம்பரில் அறிவித்தார்கள். உலகமே அதை முன்மாதிரியாகப் பார்த்தது. ஐந்தாண்டு உழைப்புக்குப் பின், 2022 நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் நட்டக் கணக்கில் எழுதப்பட்டது. பழைய அமைப்புதான் தொடர்ந்து வேலை பார்த்தது.

அதே மாதத்தில், கப்பல் சரக்குப் போக்குவரத்துக்காக ஐபிஎம், மெர்ஸ்க் என்ற இரு பெரும் நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ‘டிரேட்லென்ஸ்’ என்ற பிளாக்செயின் தளமும் மூடுவிழா அறிவித்தது. துறைமுகங்களும் போட்டிக் கப்பல் நிறுவனங்களும் தங்கள் தகவலைப் பகிர ஒத்துக்கொள்வதுதான் அங்கே இருந்த சிக்கல். எந்தக் கணினி நுட்பமும் தீர்க்கக்கூடியதல்ல அது.

மென்பொருள் கட்டும் முறையிலும் மோகம் உண்டு. ஒரு பெரிய மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓடவிடும் ‘மைக்ரோசர்வீசஸ்’ முறை பத்தாண்டுகளாக வேதவாக்கு. 2023இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, காணொளித் தரத்தைக் கண்காணிக்கும் தன் அமைப்பை அப்படிப்பட்ட துண்டுகளிலிருந்து மீண்டும் ஒரே மென்பொருளாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதம் குறைந்தது என்று எழுதியது. துண்டுகளாக ஓடவிடுவதற்கான மேகக் கணினி வசதியை உலகுக்கே விற்பது அமேசான்தான். மைக்ரோசர்வீசஸ் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் கொண்ட நிறுவனத்துக்கு அது தேவைப்படலாம். கோயம்புத்தூரில் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அதே சட்டையை மாட்டிக்கொண்டால் பராமரிப்புச் செலவே அதை மூழ்கடித்துவிடும்.

இப்போதைய ஏஐ அலைக்கு வருவோம். முந்தைய பல அலைகளைவிட இதில் உண்மை அதிகம் என்பது என் கணிப்பு. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024இல் வேதியியல் நோபலின் ஒரு பகுதி கிடைத்தது. ஆனால் சாதனையும் வாக்குறுதியும் வேறு வேறு.

ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா நிதி நிறுவனம் 2024 பிப்ரவரியில், தன் ஏஐ உதவியாளர் 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்வதாகப் பெருமையோடு அறிவித்தது. அடுத்த ஆண்டே, தரம் குறைந்துவிட்டது, வாடிக்கையாளருக்கு மனிதரிடம் பேச வழி இருக்க வேண்டும் என்று அதன் தலைவரே சொல்லி, மீண்டும் ஆளெடுக்க இறங்கியது. முதல் அறிவிப்பு உலகம் முழுவதும் பேசப்பட்ட அளவுக்கு இரண்டாவது பேசப்படவில்லை.

2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருள் பொறியாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களுக்கு நன்கு பழக்கமான மென்பொருள்களில், சில வேலைகளை ஏஐ கருவிகளோடும் சிலவற்றை அவை இல்லாமலும் செய்தார்கள். ஏஐ பயன்படுத்தியதால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்று அவர்கள் நம்பினார்கள். கடிகாரம் வேறு சொன்னது. உண்மையில் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்திருந்தது. சிறிய ஆய்வுதான், கருவிகளும் மாதந்தோறும் மாறுகின்றன. எல்லா வேலைக்கும் இதை விரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதியாகிறது: வேகம் கூடியதா என்பதை, பயன்படுத்துபவரின் உணர்வை வைத்து முடிவு செய்யக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும்.

துறையை உருவாக்கிய மேதைகளும் கால அளவைக் கணிப்பதில் தவறுகிறார்கள். கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் கணினியே எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களை அவர்களைவிட நன்றாகப் படித்துவிடும் என்று 2016இல் சொன்னவர் ஜெஃப்ரி ஹின்டன். இன்றும் பல நாடுகளில் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை. அவர் பேச்சைக் கேட்டு மருத்துவக் கல்லூரிகள் இடங்களை மூடியிருந்தால் நோயாளிகள்தான் அதன் விலையைக் கொடுத்திருப்பார்கள்.

கைதட்டல் இல்லாத வேலைகள்

மோகத்தால் இன்னொரு பெரிய இழப்பு உண்டு. நம் அன்றாட வாழ்க்கையைத் தாங்கும் பழைய மென்பொருள்களைக் கவனிக்க ஆளும் பணமும் இல்லாமல் போவது. இணையத்தில் நாம் கடவுச்சொல்லோ வங்கி விவரமோ அனுப்பும்போது அதை மறைகுறியாக்கிக் காக்கும் மென்பொருள்களில் முக்கியமானது ஓப்பன்எஸ்எஸ்எல். 2014இல் அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தது, உலகின் பெருநிறுவனங்கள் எல்லாம் நம்பியிருந்த அந்த மென்பொருளை முழுநேரமாகக் கவனித்தவர் ஒரே ஒருவர், ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்கள் உதவித்தொகைக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பித்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்ஃபி, கோபால் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். கோபால் 1959இல் பிறந்த கணினி மொழி. செத்துவிட்டதாகப் பலமுறை அறிவிக்கப்பட்ட மொழி. பல நாடுகளின் வங்கிக் கணக்குகள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன.

தரவுத்தளங்களின் கதையும் இதே. எட்கர் காட் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து, தரவுத்தளத்திடம் தகவல் கேட்டுப் பெறும் எஸ்க்யூஎல் மொழி பிறந்தது. 2009 வாக்கில் ‘நோஎஸ்க்யூஎல்’ அலை வந்து, இனி அது பழங்கதை என்றார்கள். ஒருவர் கணக்கிலிருந்து பணம் கழிந்தால் மற்றவர் கணக்கில் ஏறியே தீர வேண்டும், இல்லையேல் இரண்டுமே நடக்கக் கூடாது என்ற உத்தரவாதத்தைப் பழைய தரவுத்தளங்கள் நீண்டகாலமாகத் தந்தன. அலையின் முன்னணியில் இருந்த மாங்கோடிபி அந்த உத்தரவாதத்தைப் பல ஆவணங்களுக்கும் விரித்துச் சேர்த்தது 2018இல். 1990களில் எஸ்க்யூஎல் கற்றவரின் அறிவு இன்றும் சோறு போடுகிறது. நடுவில் எத்தனையோ கருவிகளுக்கு நடத்தப்பட்ட சான்றிதழ் வகுப்புகள் காணாமல் போயின.

நம் தேநீர்க் கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க அதை உருவாக்கியது. நம் நாட்டில் 2016இல் யுபிஐ வந்து, கைபேசியும் மலிவு இணையமும் சேர்ந்த பிறகுதான் அது கீரைக்காரம்மா கூடைவரை போனது. பெரும் பயன் தரும் தொழில்நுட்பம் இருபது ஆண்டுகள் சத்தமில்லாமல் காத்திருக்கவும் கூடும்.

நம் கல்லூரிகளில் நடப்பது

2024-25ஆம் கல்வியாண்டு முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. கணினி சார்ந்த இடங்கள் பெருகின. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகள் பல கல்லூரிகளில் சுருங்கின. இடங்கள் பெருகிய வேகத்தில் ஆசிரியர்கள் பெருகினார்களா? ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதாக 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஆதாரங்களோடு வெளியிட்டது நினைவிருக்கலாம். ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு எந்த நவீனப் பெயர் வைத்தாலும் பயனில்லை.

‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ பிரிவின் பாடங்களையும் வழக்கமான கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கணிதம், தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம் என்று அடித்தளம் பெரும்பாலும் ஒன்றே. மாறுவது சில பாடங்கள். அந்தச் சில பாடங்களுக்காக ஊர் மாறி, லட்சங்கள் கூடுதலாகக் கொடுத்து, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போவது சரியான பேரமாக எனக்குப் படவில்லை.

வேலைக் கடிதம் கையில் வந்தாலும் அலை விடுவதில்லை. 2022இல் தேர்வான பலர், பணியில் சேரும் அழைப்புக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் ஏறிய தேவை அப்படியே நீடிக்கும் என்று நிறுவனங்கள் அள்ளி எடுத்ததன் விளைவு அது. அந்தக் காத்திருப்பில் கடன் தவணை காத்திருக்கவில்லை.

என்ன செய்யலாம்?

பெற்றோரும் மாணவரும் பாடப்பிரிவின் பெயருக்கு முன்னால் கல்லூரியைப் பார்க்க வேண்டும். அந்தப் பிரிவில் முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், யார் யார் என்று நேரில் போய்க் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒருவருடையது. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தம் மாணவர்களின் இடைநிலைச் சம்பளத்தைத் தெரிவித்தாக வேண்டும். வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் வாங்கும் தொகை அது. கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். கட்டடக் கலையிலோ இயந்திரங்களிலோ உண்மையான ஈடுபாடுள்ள பிள்ளையை இந்த ஆண்டின் பேச்சுக்காகத் திசைதிருப்ப வேண்டாம்.

ஏற்கெனவே கணினி படிப்பவர்களுக்கு: ஏஐ கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்க முடியாவிட்டால் அதைச் சமர்ப்பிக்காதீர்கள். தரவுத்தளம், வலையமைப்பு, இயங்குதளம், நிகழ்தகவு ஆகிய நான்கையும் ஆழமாகக் கற்றவர் எந்த அலையிலும் மூன்று மாதத்தில் புதுக் கருவிக்குப் பழகிவிடுவார். அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துப் பழுது பார்க்கும் பயிற்சி இன்னும் முக்கியம். திறமூல மென்பொருள் ஒன்றில் ஒரு சிறு பிழையைத் திருத்தி ஏற்கவைப்பது, பணம் கட்டி வாங்கும் பல சான்றிதழ்களைவிட மேலானது.

கல்லூரிகள் அலைக்கேற்பப் புதிய பட்டப்படிப்பு தொடங்குவதை நிறுத்திவிட்டு, புதியவற்றை விருப்பப் பாடங்களாக வைக்கலாம். விருப்பப் பாடத்தை ஒரு பருவத்தில் மாற்ற முடியும். பட்டத்தின் பெயர் வாழ்நாள் முழுவதும் கூட வரும். குறுகிய காலத் திறன்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பொருத்தமான இடம். எந்தப் பயிற்சியை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு அதே திறன் சார்ந்த வேலை கிடைத்தது என்று பயிற்சிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், அடுத்த ஆண்டு மாணவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுப்பார்கள்.

அரசுத் துறைகள் புதிய தொழில்நுட்பம் வாங்கும்போது, ஒரு வட்டத்திலோ ஒரு நகராட்சியிலோ ஆறு மாதம் சோதித்து, பழைய முறையோடு ஒப்பிட்டு அளந்த முடிவை வெளியிட்ட பிறகே மாநிலம் முழுவதற்கும் ஒப்பந்தம் போட வேண்டும். நிறுவனம் விலகினால் மக்களின் தரவு அரசிடம் முழுமையாகத் திரும்பி வரும் என்ற ஷரத்து கட்டாயம் இருக்க வேண்டும். கனடாவில் ஏர் கனடாவின் உரையாடல் மென்பொருள் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தபோது, அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024இல் தீர்ப்பாயம் சொன்னது. ஓய்வூதியமோ ரேஷன் அட்டையோ கணினியின் முடிவால் மறுக்கப்பட்டால், பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஓர் அலுவலரிடம் முறையிடும் வழி இங்கும் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் ஏஐ, பிளாக்செயின், இணையப் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் கொள்கைகள் வெளியிட்டது. ஒரு ஏஐ அமைப்பை மக்களிடம் கொண்டுசெல்லும் முன் அதன் நேர்மையையும் அந்தரங்கப் பாதுகாப்பையும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் அட்டை முறை அப்போதே அந்த ஏஐ கொள்கையில் சொல்லப்பட்டது. நல்ல யோசனை அது. இதுவரை வாங்கிய, வாங்கப்போகும் ஒவ்வோர் ஏஐ அமைப்பும் பெற்ற மதிப்பெண்ணைப் பொதுவில் வையுங்கள். பிளாக்செயின் கொள்கையின் கீழ் செலவான தொகையையும் கிடைத்த பயனையும் ஓர் அறிக்கையாகச் சட்டமன்றத்தில் வைக்கலாம். ஒவ்வொரு திட்டத்திலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பராமரிக்கத் தனியாக நிதி ஒதுக்குவதும் அவசியம்.

மென்பொருள் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். புதியவர்கள் செய்யும் வேலையை ஏஐ செய்துவிடுகிறது என்று ஃப்ரெஷர்களை எடுப்பதை நிறுத்தினால், பத்தாண்டுகள் கழித்து அனுபவமுள்ளவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆண்டுதோறும் குறைந்தபட்சம் இத்தனை புதியவர்கள் என்று உறுதி வைத்து, அவர்களுக்கு மூத்தவர்களின் நேரத்தையும் ஒதுக்குங்கள். ஆட்குறைப்புக்கு ஏஐதான் காரணம் என்றால், எந்த வேலை, எந்தக் கருவி, எவ்வளவு மிச்சம் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கலந்தாய்வு இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் எதிரே நான்கு எண்கள் இருக்கட்டும்: சரிபார்க்கப்பட்ட முழுநேர ஆசிரியர் எண்ணிக்கை, கடந்த அணியில் சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெற்றவர் எண்ணிக்கை, வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம், படித்த துறையிலேயே வேலை பெற்றவர் எண்ணிக்கை. முதல் அணியே இன்னும் வெளிவராத புதிய பிரிவு என்றால், அந்தக் கட்டத்தில் ‘இன்னும் யாரும் முடிக்கவில்லை’ என்று தமிழில், தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.